ஈரம் காயும் முன்னே

சனிக்கிழமை மதியமானால் கார் பட்டறைகள் நிறைந்த சுவாமேயில் பாதிப் பட்டறைகளுக்குப் பூட்டுதான். எல்லாருக்கும் எங்காவது ஒரு சாவுச் சடங்கு இருக்கும். அன்று வெல்டர் டார்கோவின் தாய்மாமனுக்கு. சடங்கில் மருமகன் ஆடாவிட்டால் குடும்பத்துக்கு முகம் ஏது? ஆனால் அம்பொன்சா வாத்தியாரின் காரில் அடிச்சட்ட வெடிப்பைப் பற்றவைப்பது பாக்கி. டார்கோ பிரேக் துடைக்கும் ஸ்பிரேயை அடித்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவியிருந்தான்.

"ஈரம் காயட்டுமே" என்றான்.

"காயறதுக்குள்ள உங்க மாமாவைப் புதைச்சிடுவாங்க. பத்த வைங்க" என்றாள் அவன் மனைவி செர்வா. அவள் வாய்க்கு என்றைக்குமே பூட்டு கிடையாது.

பற்றவைத்தான். கண் எரிந்தது, இருமினான். வழக்கம்போல ஒரு டின் பால் குடித்தான். வெல்டிங் புகையைப் பால் முறிக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் வேதவாக்கு. சரியாகிவிட்டது என்று சிரித்தபடி சாவுக்கு உடுத்தும் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். கார் சாவியைக் கொடுக்கச் செர்வா பட்டறையிலேயே இருந்தாள்.

கார் எடுக்க வந்த வாத்தியார் கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். ஸ்பிரே டின்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஈரத்தோடயா வெல்டிங் பண்ணினான்? அந்த வெளிச்சத்துல இதுல இருக்கிற குளோரின் தனியாப் பிச்சுக்கும்மா. ஃப்ரீ ராடிக்கல்னு பேரு. தனியா நிக்கிற அணு சும்மா நிக்காது, பக்கத்துல இருக்கறதைப் பிச்சு இழுக்கும், அது இன்னொண்ணை இழுக்கும். கடைசியில காத்தோட சேர்ந்து விஷவாயுவாயிடும்."

"பால் குடிச்சிட்டு நல்லாத்தானே போனாரு?"

"முதல்ல நல்லாத்தான் இருக்கும். அப்புறம்தான் நுரையீரல்ல நீர் கோக்கும். உடம்பை அலட்டிக்கிட்டா இன்னும் மோசம். எங்க அவன்?"

சடங்கு வீட்டில் அவன் ஆடிக்கொண்டிருந்தான். செர்வா கூட்டத்துக்குள் புகுந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மேளம் நின்றுவிட்டது. மாமியார், தன் முகத்தில் யாரோ அறைந்துவிட்ட மாதிரிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சியில் ஏறியதிலிருந்து டார்கோ திட்டிக்கொண்டே வந்தான். "எங்க சனம் பூரா பார்க்க மானத்தை வாங்கிட்ட. எனக்கு என்னடி கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

திட்டட்டும் என்றிருந்தது அவளுக்கு. திட்டவும் மூச்சு வேண்டுமே. பற்றவைக்கச் சொன்னது தன் வாய்தான். சந்தைப் பக்கம் வண்டிகள் நகரவில்லை.

"வீட்டுக்கு வா, உன்னை..." என்றவன் நிறுத்தினான். ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். மறுபடி "உன்னை..." என்றான்.

"என்னை? சொல்லுங்க. இன்னும் நல்லாத் திட்டுங்க" என்று அவன் தோளை உலுக்கினாள்.

அவன் வாய் திறந்தது. பேச்சு வரவில்லை.