ராமதாஸ் வாய் திறப்பதற்கு முன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் லிட்டில் இந்தியாவில் ஒரு கலைநிகழ்ச்சி. உள்ளூர்ப் பாடகி ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். சரணத்தில் பாதிதான் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய பிரபலம் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாராம். காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லையாம். அவள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் ஒரு வரிக்கு அவள் உதடுகள் அசைந்தன. பிறகு புரிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். கூட்டம் கைதட்டியது. அவளுக்கு அல்ல.

பிரபலத்தின் பெயரை எழுத எனக்குத் தைரியமில்லை. ஆகவே 1927க்குப் போகிறேன். அங்கே யாரும் என்மேல் வழக்குப் போட முடியாது.

2

முதல் தொடக்கம்: பினாங்கில் அன்று பனி பெய்துகொண்டி—

(மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான். கோபம் வந்ததும் ஒரு ரயில் நிலையமும் பனியும் கூடவே வந்துவிடுகின்றன. நான் தொட்டுப் பார்த்த ஒரே பனி, ஐஸ் கச்சாங்கில் துருவிப் போடுவது.)

இரண்டாம் தொடக்கம்: குணவதி சாதுவான பெண். அவள் யாருக்கும்—

(பொய். சாதுவான பெண் நாடகக் கொட்டகையில் இத்தனை வருஷம் கதாநாயகியாக நின்றிருக்க மாட்டாள்.)

மூன்றாவது: சூலியா தெருவுக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட நாடகக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து ஃபெர்ரி ஏறியவர்கள், துறைமுகத்து ஆட்கள், துணிக்கடைச் சிப்பந்திகள் என்று பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கூரைச் சூட்டில் நடிகர்களின் பவுடர் கரைந்து கழுத்தில் இறங்கியது.

இது இருக்கட்டும்.

3

குணவதிதான் அந்தக் கொட்டகையின் ஸ்த்ரீபார்ட். ராஜபார்ட் போட மதுரையிலிருந்து ராமதாஸ் கப்பலில் வந்திருந்தார். நாடகத்தில் ராஜாவும் மலைக்குறத்தியும் பாட்டாலேயே சண்டை போட வேண்டும். அவர் ஓர் அடி, இவள் ஓர் அடி.

அந்தச் சண்டைக்குள் ஒரு மரியாதை உண்டு. ராமதாஸின் குரல் ஐந்தரைக் கட்டையில் நிற்கும், குணவதியின் குரல் நாலில். (கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். இந்தக் கதைக்கு அவ்வளவு சங்கீதம் போதும்.) தன் அடியைப் பாடி முடிப்பவர் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். உடனே ஆர்மோனியம் அடுத்தவருடைய கட்டைக்கு மாறும். மேடையில் எவ்வளவு திட்டிக்கொண்டாலும் அந்தத் தலையசைப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். எதிராளியின் குரல் அதில்தான் பிழைக்கிறது.

அன்று ராமதாஸ் தலையசைக்கவில்லை. தன் அடியை முடித்துவிட்டு ஆர்மோனியத்தை நோக்கி ஒரு விரலை நீட்டினார். அப்படியே இரு என்று அர்த்தம். முடிப்பவர் சொன்னபடிதான் வாசிக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் நாகூர் மீரான் ஐந்தரையிலேயே வாசித்தார். குணவதி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். உச்சியில் அவள் குரல் இரண்டாகக் கிழிந்தது.

"அக்கா, கோப்பி குடிச்சிட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றது ஒரு பெஞ்சு. கொட்டகையே சிரித்தது.

4

இடைவேளை. ராமதாஸ் கண்ணாடி முன்னால் மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

(அவர் அழகை வர்ணித்து ஐந்து வரி எழுதி அடித்துவிட்டேன். கதையை எழுதுகிற நானே அவருக்கு ஐந்து வரி கொடுத்தால், மைக்கை அணைத்தவனை எப்படித் திட்டுவது?)

"என்னம்மா, பினாங்குத் தண்ணி தொண்டைக்கு ஒத்துக்கலையா?"

"தண்ணி பழகினதுதாண்ணே. நீங்கதான் தலைய ஆட்ட மறந்துட்டீங்க."

"மறக்கலை. முந்தாநாள் என்னை வேஷத்தோட படுதாவுக்குப் பின்னால நிக்க வெச்சியே, அதையும் மறக்கலை."

(இதை உங்களிடம் மறைக்கத்தான் நினைத்தேன். முந்தாநாள், முதல் ஆட்டத்தில் அவள் பாட்டுக்குக் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டது. பாடினாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு தடவை பாடினாள். படுதாவுக்குப் பின்னால் அவர் நிற்பது அவளுக்குத் தெரியும். இதை எடுத்துவிட்டால் ராமதாஸ் வெறும் அட்டை வில்லனாகிவிடுகிறார், அதனால் விட்டுவைத்தேன். ஆனால் ஒருவரைக் காக்க வைப்பதும் ஒருத்தியின் குரலை ஒடிப்பதும் ஒன்றா? கோபமாகத்தான் கேட்கிறேன்.)

கொட்டகை முதலாளி அப்துல் ஹமீது உள்ளே தலையை நீட்டினார். "குணவதி, இன்னொரு தடவை கூட்டம் சிரிச்சுதுன்னா நாளையிலேருந்து நீ தோழி பார்ட். ஈப்போவுல வேற பொண்ணு இருக்கு. மனசுல வெச்சுக்காதலா."

"வேற எங்க முதலாளி வெச்சுக்கறது?"

ஹமீது தலையை இழுத்துக்கொண்டார்.

மீரான் அவளை ஓரமாக அழைத்தார். அத்தர் வாசனை முதலில் வந்தது, ஆள் பிறகு. தன் பெயரைச் சொல்லாமல் நாடகம் தொடங்கினால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மனிதர். "எம் ஆர்மோனியப் பொட்டிக்கு விரலை நீட்டுறான் தங்கச்சி. நாகூர் மீரான் பொட்டிக்கு. அடுத்த சண்டையில நீதான் முதல் அடி. முடிச்சதும் தலைய ஆட்டினா, அவனுக்கு உள்ள அஞ்சரையைக் குடுக்கறேன். ஆட்டாம கண்ணை மூடினே, ஆறரை."

"அவருக்கு ஏறுமா?"

"ஏறாது. கட்டையைக் குறைன்னு சொல்லவும் அவன் வீம்பு விடாது. கிழியும்."

"உங்களுக்கு என்ன ஆகும்ணே?"

மீரான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "குரலை ஒடிச்ச பொட்டிக்காரன்னு சிங்கப்பூர் வரைக்கும் பேச்சுப் போயிடும். எவனும் கூப்பிட மாட்டான்."

"அப்புறம் எதுக்கு?"

"விரலை நீட்டினான்லா."

5

குணவதி மறுபடி மேடையில் நிற்கிறாள். கணக்கு அவளுக்குத் தெளிவாக இருக்கிறது. தலையசைத்தால் ராமதாஸ் தன் அடியைச் சௌகரியமாகப் பாடுவார்; முடித்ததும் விரலை நீட்டுவார்; அவள் குரல் மறுபடி கிழியும்; நாளை அவள் தோழி. கண்ணை மூடினால் கிழிவது அவர் குரல். கூடவே மீரானின் பிழைப்பும்.

முடிவு அ: அவள் பெருந்தன்மையோடு தலையசைக்கிறாள். ராமதாஸ் வெட்கி, கண் கலங்கி—

(கிழித்துப் போட்டேன். அடி வாங்கியவள்தான் எப்போதும் பெருந்தன்மையாக இருக்க வேண்டுமா? அடித்தவனைத் திருத்துவதும் அவள் வேலையா? அதற்கும் தனியாக ஒரு வேஷமா?)

முடிவு ஆ: கண்ணை மூடுகிறாள். ராமதாஸின் குரல் உடைகிறது. கூட்டம் சிரிக்கிறது. எனக்குப் பரம திருப்தி. ஆனால் மறுநாள் மீரான் ஆர்மோனியத்தைத் தலையில் சுமந்து ஃபெர்ரிக்குப் போவதை எழுத உட்கார்ந்தேன். என்னால்—

முடிவு இ: திடீரென்று மழை. தகரக்கூரைச் சத்தத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை.

(பனியை விரட்டிவிட்டு மழையைக் கூப்பிடுகிறேன். இது கோழைத்தனம்.)

6

ஆகவே நீங்கள் முடிவு செய்யுங்கள். அவசரமில்லை, குணவதி பார்த்துக்கொள்கிறாள்.

அடியின் கடைசிச் சொல்லுக்கு வந்துவிட்டாள். ராமதாஸ் மார்பை நிமிர்த்தி, வாயைத் திறக்கத் தயாராகிறார். மீரானின் ஒரு கை துருத்தியில், ஒரு விரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில், பார்வை அவள்மேல். அவள் தலையசைக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. மூச்சை இழுத்து அதே அடியை மறுபடி எடுக்கிறாள், தன் நாலு கட்டையில், கொஞ்சம் வேறுவிதமாக. திறந்த வாயை ராமதாஸ் மூடிக்கொள்கிறார். முடிக்கப்போகிறாள் என்று மறுபடி திறக்கிறார். அவள் திரும்பவும் எடுக்கிறாள். பெஞ்சில் யாரோ தாளம் போடத் தொடங்குகிறார்கள்.

படுதா ஓரத்தில் ஹமீது கையை வீசி வீசி, போதும் போதும் என்கிறார்.

வீசட்டும். அந்தக் கொட்டகையில் அணைப்பதற்கு மைக் கிடையாது.