வேர் காயும் நேரம்

சரிவில் பதினான்கு பெண்கள் வரிசையாக நின்று கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாதம் பிறந்தும் மலை உச்சியில் பனி கிடந்தது. அங்கிருந்து இறங்கிய காற்று காது மடலை அறுத்தது. இரண்டு எட்டு வைத்து ஒரு கொத்து, பிளந்த மண்ணில் ஒரு கன்று, குதிகாலால் ஒரு மிதி. மறுபடி இரண்டு எட்டு. பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒருத்தியும் நிமிரவில்லை.

கன்றுகள் ஐம்பது ஐம்பதாகக் கட்டி, வேரைச் சேற்றில் முக்கி, ஈரச் சாக்கில் வந்திருந்தன. எல்லாம் ஊசியிலை, ஒரே சாதி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை இதே சரிவில் பீச் மரம் இருந்தது, தேவதாரு இருந்தது, எல்ம் இருந்தது. மழை விட்டால் மஞ்சள் புள்ளி போட்ட கறுப்புப் பல்லிகள் பாசியிலிருந்து இறங்கிப் பாதையைக் கடக்கும். இப்போது அடிக்கட்டைகளும் லாரிச் சக்கரம் கிழித்த வாய்க்கால்களும் இருந்தன.

நடும் வரை வேரைச் சாக்கை விட்டு எடுக்கக்கூடாது என்பது நடவுக்காரிகளின் முதல் பாடம். சவேத்தாவுக்கு இந்த வேலையில் பதினெட்டு வருஷம். அவள் மூன்று கட்டுகளைச் சாக்கிலிருந்து உருவி, வேர் மேலே பார்க்க, ஒரு பாறைமேல் வெயிலும் காற்றும் படும்படி சாய்த்து வைத்தாள். ஒரு வரிசை நட்டு முடித்துத் திரும்பி வந்து பார்த்தாள். மயிர் போன்ற நுனி வேர்கள் வெள்ளை மாறிப் பழுப்பாகி, தீயில் காட்டிய தலைமயிர்போலச் சுருண்டிருந்தன. இலை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. இந்தக் கன்றுக்கு ஒரு குணம் உண்டு. செத்த பிறகும் தான் செத்தது தெரியாமல் பச்சையாகவே நிற்கும். சிவப்பேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

அவள் அவற்றை ஒழுங்காக நட்டாள். நூல் பிடித்ததுபோல நட்டாள்.

வனக்காவலர் திராகோஷ் பாதையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறி வந்தார். இடுப்பில் தோலுறைக்குள் முத்திரைச் சுத்தியல் ஆடியது. அதன் முகத்தில் எண் செதுக்கியிருக்கும். அது அடித்த மரத்தைத்தான் வெட்டலாம். அடிக்காத மரத்தை வெட்டினால் சிறை. இந்தப் பள்ளத்தாக்கில் மாதா கோயில் மணிக்கு அடுத்தபடி எல்லோரும் காது கொடுத்துக் கேட்பது அந்தச் சுத்தியலின் சத்தத்தைத்தான்.

"ஏம்மா சவேத்தா, சிமியோன் எப்படி இருக்கான்?"

"இருக்காருங்க. உக்காந்துகிட்டு."

"இன்னும் குடிக்கிறானா?"

அவர் சிரித்துக்கொண்டே கீழ்வரிசைக்குப் போனார். சவேத்தா கன்றின் கழுத்தோரம் குதிகாலை வைத்து மிதித்தாள். தேவைக்கு மேல் மிதித்தாள்.

சிமியோன் அவள் புருஷன், மரம் வெட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே சரிவில், வெள்ளை வளையம் போட்ட ஒரு பீச் மரத்தை வெட்டச் சொன்னார் திராகோஷ். வெள்ளை வளையம் என்றால் கை வைக்கக்கூடாத மரம். பொந்தில் கரும் மரங்கொத்தி குடியிருக்கும், உளுத்த கட்டையில் நீண்ட மீசை வைத்த நீல வண்டு முட்டையிடும் என்று, நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் கணக்கெடுத்துப் போட்டுவிட்டுப் போன வளையம் அது. "உள்ள உளுத்து ஓட்டையான கோறைங்க, எப்படிப் பிளக்கும்னு சொல்ல முடியாது" என்றான் சிமியோன். "அப்ப வேற ஆளைப் பார்க்கவா?" என்றார் அவர். ரம்பம் பாதி போவதற்குள் மரம் நெடுக்காகப் பிளந்து, பின்னால் எகிறி, அவன் இடுப்பில் விழுந்தது.

தூக்கிக்கொண்டு இறங்கும்போது திராகோஷ் தன் குப்பியைத் திறந்து அவன் வாயில் பிளம் சாராயத்தை ஊற்றினார். "குடிடா, வலி தெரியாது." அவன் குடித்தான். எவனாக இருந்தாலும் குடித்திருப்பான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சாராயம் இருந்தது. குடித்துவிட்டு யாரும் சொல்லாமல் விறகு வெட்டப் போனவன் என்று தாளில் ஏறியது. எழுதிக் கொடுத்தது திராகோஷ். விபத்து வேலையில் நடந்ததாகவே ஆகவில்லை. சிமியோனுக்கு முப்பத்தொன்பது வயது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, உதவித்தொகையும் இல்லை. வளையம் இருந்த துண்டை மட்டும் தனியாக அறுத்து யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

சவேத்தாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சுத்தியலை அவர் இடுப்பிலிருந்து கழற்ற வேண்டும்.

அதற்கு வழி பக்கத்துச் சரகத்தில் கிடைத்தது. அங்கே நட்ட கன்றில் பாதி பட்டுப்போனதென்று போன செப்டம்பரில் வந்த சோதனைக் குழு கண்டுபிடித்து, அந்தக் காவலரின் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது அந்த ஆள் ஊருக்கு வெளியே பழைய டயர் விற்கிறார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று சவேத்தா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டிய கை நின்றது. களி அடிப்பிடித்தது.

"என்னடி யோசனை?" என்று கட்டிலிலிருந்து கேட்டான் சிமியோன். "புதுப் புருஷன் பார்க்கிறியா?"

"பார்த்தேன். எல்லாம் உன்னை மாதிரியே பேசுது. அதான் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. நட்ட கன்று அவளால் செத்தது என்று தெரிந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மதியம் பெண்கள் அடிக்கட்டைகளில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் வெங்காயமும் தின்றார்கள். ரஃபிலா வந்து அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். வாயாடி, பக்கத்து வீடு, அவள் புருஷன் பாவெலும் ரம்பக்காரன். குனிந்து ரொட்டி பிய்த்தவள், பாறைமேல் சாய்த்திருந்த கட்டுகளைப் பார்த்தாள். பிறகு சவேத்தாவைப் பார்த்தாள்.

சவேத்தா குனிந்து மடியில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

"நல்ல காத்துடி இன்னைக்கு" என்றாள் ரஃபிலா. "துணி போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்." வெங்காயத்தைக் கடித்து மென்றுகொண்டே எழுந்து தன் வரிசைக்குப் போய்விட்டாள்.

ஜூன் போனது, ஜூலை போனது. மாலையில் வீட்டு வாசலில் நின்றால் சரிவு தெரியும். பச்சையாகவே இருந்தது. ஆகஸ்டு நடுவில் ஒருநாள் பால் கறந்துவிட்டு நிமிர்ந்தவள் கண்ணுக்கு, எங்கோ ஒரு புள்ளி சிவப்பு தட்டுப்பட்டது. அடுத்த வாரம் அது படர்ந்தது. அவள் நட்ட வரிசைகள் மட்டும் சிவக்கும், பச்சை நடுவே ஒரு தழும்புபோல, ஒரு ஆளைக் குற்றம் சொல்லும் விரல்போல என்று அவள் எண்ணியிருந்தாள். ஆனால் இடமும் சிவந்தது, வலமும் சிவந்தது. செப்டம்பர் பிறந்தபோது பாதையிலிருந்து, மேலே வெட்டாமல் விட்டிருந்த மேட்டுக்காடு வரைக்கும் சரிவு முழுவதும் நரித்தோல் நிறத்தில் கிடந்தது.

சோதனைக் குழு வந்த அன்று மண் தோண்டும் கொத்தோடு வரச்சொல்லி ஆள் வந்தது. வேரைத் தோண்டிக் காட்ட ஆள் வேண்டுமாம். பதினான்கு பேரும் பாதையோரம் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். இன்னொருத்தி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றாள் சவேத்தா பக்கத்தில் நின்ற ரஃபிலாவிடம், உதடு அசையாமல்.

"ஏன், வேரைக் காயப்போட உனக்கு மட்டும்தான் தெரியுமோ?" என்றாள் ரஃபிலா. "பனிக்காலத்துல சுள்ளி பொறுக்கிட்டு வந்த என் வண்டியைப் பிடுங்கினான். அன்னைக்கே அவன் ஜீப்புக்குப் பின்னாடி ஆறு லாரி கட்டை போச்சு. ரெண்டு வருஷமா வயிறு எரியுது. அந்த எரிச்சல்லயே நான் காயப்போட்டிருக்கலாம், வெயிலே வேண்டாம்."

"மத்தவங்க?"

"அவளவளுக்கு அவளவள் கணக்கு. நான் எதுக்குக் கேக்கணும்? உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தோணுச்சு. என்னைப் பார்த்து அவளுக்குத் தோணியிருக்கும்."

சவேத்தாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். திராகோஷ் குழுவோடு நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்து, கை அடிக்கடி இடுப்புக்குப் போய் உறையைத் தொட்டுத் தொட்டு வந்தது. பார்க்கப் பார்க்க அவள் வயிறு குளிர்ந்தது. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

குழுவின் தலைவர் புது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர். முளையடித்துக் கயிறு கட்டி வட்டம் போட்டு, உள்ளே கன்றுகளை எண்ணினார். ஒன்றுகூட உயிரோடு இல்லை. அடுத்த வட்டம். ஒன்றுகூட இல்லை. ஐந்து வட்டம் எண்ணிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப் மூடியின்மேல் வரைபடத்தை விரித்தார். அதில் இந்தச் சரிவுக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தது.

"வேரை எடுத்துக் காட்டட்டுங்களா?" என்று கொத்தை ஓங்கிக்கொண்டு கேட்டாள் சவேத்தா.

"வேண்டாம்மா" என்றார் அவர். திராகோஷிடம் திரும்பினார். "என்னப்பா இது! பாதி செத்திருந்தா நட்டது சரியில்லைன்னு எழுதலாம், உன்மேல நடவடிக்கை எடுக்கலாம். நூத்துக்கு நூறு சாகறதுன்னா அது மனுஷன் செய்யற வேலையா? வறட்சி. இயற்கைச் சேதம்."

திராகோஷின் கை உறையிலிருந்து மெல்ல விலகியது.

"அதேதாங்க" என்றார். "மழையே இல்லீங்க இந்த வருஷம்."

"மழை பெஞ்சுதுங்க" என்றாள் சவேத்தா. "ஜூன்ல ரெண்டு வாரம் விடாம பெஞ்சுது. ஓடைப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சே."

தலைவர் அவளை அப்போதுதான் பார்த்தார். "அப்ப எப்படிம்மா செத்துது? நீங்க தப்பா நட்டீங்களா? பதினாலு பேரும்?"

ஒருத்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சவேத்தா ஓங்கிய கொத்தை இறக்கினாள்.

அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே மேட்டுக்காட்டை நிமிர்ந்து பார்த்தார். அங்கே பெரிய பீச் மரங்கள் நின்றன, நாலைந்தில் வெள்ளை வளையம் தெரிந்தது. "கீழ இவ்வளவு வறட்சின்னா மேலயும் தாக்கியிருக்கும். காய்ஞ்சு வீணாகறதுக்கு முன்னாடி எடுத்துடறது நல்லது. சேதக் கணக்குல சேர்த்துடறேன். வளையம் கிளையம் எல்லாம் அதுல தடை இல்லை." வரைபடத்தை மடித்தார். பச்சை வண்ணத்தை யாரும் மாற்றவில்லை. "இது காடுதான். அடுத்த வருஷம் திரும்ப நட்டுடுங்க. வேற பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வச்சுக்க. இவங்களுக்கு ராசியில்லை."

ஜீப்புகள் போன பிறகும் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"சில பேராவது ஒழுங்கா நட்டிருந்தா போதும்டி" என்றாள் சவேத்தா. "பாதியோட நின்னிருந்தா அவன் டயர் விக்கப் போயிருப்பான்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, ஊமைக்கோட்டான்!" என்று கத்தினாள் ரஃபிலா. கத்திவிட்டு அவளே கொத்தை எடுத்துப் பாதையோரத்துச் செத்த கன்று ஒன்றை ஓங்கி வெட்டினாள். அது சட்டென்று முறிந்தது.

அக்டோபரில் ஒரு காலையில் பாவெல் வந்து கதவோரம் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான். ரஃபிலா உள்ளே வராமல் வேலிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றாள்.

"அண்ணே, உன் தலைக்கவசம் வேணும்" என்றான் சிமியோனைப் பார்த்து. "மேட்டுக்காடு என் பங்குக்கு வந்திருக்கு. கவசம் அப்புறம் தர்றேங்கிறாங்க. இவளுக்கும் நடவு இல்லைன்னு ஆயிடுச்சு. நான் போகலைன்னா..."

"ஆணியில மாட்டியிருக்கு" என்றான் சிமியோன்.

சவேத்தா எடுத்தாள். ஆரஞ்சு நிறம் வெளுத்திருந்தது. இடப்பக்கம் ஒரு குழிவு, உள்ளங்கை அகலத்துக்கு. தாடைப் பட்டை அறுந்து தொங்கியது. அவள் ஊசியில் தடித்த நூலைக் கோத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

மேட்டில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. டக், டக். கோடாலியால் பட்டையைச் செதுக்கும் இடைவெளி. மறுபடி டக். சிமியோன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது மரம், நான்காவது மரம். ஐந்தாவதில் சத்தம் மாறியது. வெறும் பீப்பாயைத் தட்டியதுபோல 'டொம்' என்று எழுந்து பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டது. ஏதோ பறவை கத்திக்கொண்டு ஓடைக்கு மேலாகப் பறந்து போனது.

"அது கோறை" என்றான் சிமியோன். கண்ணைத் திறக்கவில்லை. "பாவெலு."

"சொல்லுண்ணே."

"ஏதாச்சும் ஆச்சுன்னா, வலியில உயிரே போனாலும் சரி. அவன் குப்பியை நீட்டினா வாயைத் திறக்காதே."

வேலிக்கு வெளியே ரஃபிலா திரும்பிப் பார்க்கவில்லை. சவேத்தா பட்டையை இழுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு தையல் போட்டாள். முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். டொம் என்றது மேட்டுக்காடு.