யானை திரும்பாத மூலை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், யானை வந்தால் நாங்கள் நிற்பதற்கென்று ஒரு மூலை இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா என்றால், கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை. சிலோனிலிருந்து எங்கள் ஆட்கள் இந்தச் சேரங்கோட்டுக்கு வந்தபோது கூடவே வந்த பெயர். அந்த அறையின் சுவர் ஒரு பக்கம், மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவர் ஒரு பக்கம், சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம். மிச்சம் இருக்கிற பக்கத்தில்தான் யானைப் பாதை.

ஒத்தைக்கொம்பன் சாயங்காலத்தில் சதுப்பிலிருந்து ஏறி வரும். வலது கொம்பு எப்போதோ ஒடிந்துபோய் இடது கொம்பு மட்டும்தான். நாங்கள் பாதையில் மாட்டிக்கொண்டால் ஓட மாட்டோம், அந்த மூலைக்குள் போய் நின்றுகொள்வோம். அது எங்களைத் தாண்டிப் பலாமரத்துக்குப் போகும். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் தலையைத் திருப்பாது. ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் உங்களுக்கெல்லாம் கிறுக்கா என்று கேட்பார்கள். எங்களுக்கோ அது மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது போல.

அந்த மூலையைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் தினகரன். கண்டுபிடித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான்.

சேரம்பாடி பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆனால் மனசு முழுக்க வேறெங்கோ கிடந்தது. சின்ன வயதில் ஊட்டியில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை பார்த்திருக்கிறார். ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், காசு போட்டால் ஆடும். அதில் ஒன்று மாளிகைத் திருடன். மாளிகைக்குள் ஒரு திருடன் வைரம் பொறுக்குவான், காவல்காரர்கள் துரத்துவார்கள். அவர்களில் சிவப்புத் தொப்பிக்காரன் பொல்லாதவன். ஆனால் கீழே இடது பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறதாம். அங்கே போய்த் திருடனை அசையாமல் நிறுத்திவிட்டால் சிவப்புத் தொப்பி எதிரில் வந்து, அப்படியே தாண்டிப் போய்விடுவானாம். எத்தனை தடவை ஆடினாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மற்ற புருஷன்மார் சினிமாக் கதை சொல்வார்கள். இவர் எனக்கு இந்தக் கதையைச் சொன்னார்.

பெட்டிக்குள் எழுதிவைத்தது மாறாது, நேற்று வந்த வழியில்தான் இன்றைக்கும் வருவான் என்பார். யானையையும் அதே கண்ணால்தான் பார்த்தார். பிள்ளைக்காம்பராக் கூரையில் ஏறி உட்கார்ந்து, அது எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று ஒரு வருஷம் பார்த்தார். கடைசியில் ஒருநாள் போய் அந்த மூலையில் நின்றே காட்டினார். நான் அழுது ஊரைக் கூட்டினேன். யானை தாண்டிப் போனது. அன்றிலிருந்து லயத்தில் அவர்தான் ராஜா. பக்கத்துக் காம்பரா வீரம்மா அக்கா, எதிர்வீட்டுக் கிழவர், எல்லாருமே அவர் சொன்ன இடத்தில் நின்று தப்பியவர்கள்.

போன வருஷம் ஒத்தைக்கொம்பன் ரெண்டு வீட்டுச் சுவரை இடித்தது. வனத்துறை கும்கிகளைக் கொண்டுவந்து பிடித்து, லாரியில் ஏற்றி, தூரத்தில் ஏதோ காட்டில் விட்டார்கள். லயமே நிம்மதியாகத் தூங்கியது. எனக்கு மட்டும் வீட்டுக்குள் சனி வந்து சேர்ந்தது. கூடலூர் பழைய இரும்புக் கடைச் சகாயம் அண்ணன் ஒருநாள் இவருக்குப் போன் செய்தார். குன்னூரில் ஏதோ பங்களாவைக் காலி பண்ணினார்களாம், பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா என்று. மனுஷன் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடினார்.

கம்ப்யூட்டர் என்றால் வெறும் கீபோர்டுதான். ரப்பர் பட்டன்கள். பாட்டுக் கேசட் போடுகிற டேப்பை அதில் மாட்டவேண்டும், பழைய குண்டு டிவியை இன்னொரு பக்கம் மாட்டவேண்டும். கேசட்டை ஓடவிட்டால் பூனையை மிதித்தது போலக் கீச்சென்று ஒரு சத்தம், அடுப்பில் அரிசி வேகிற நேரம் வரைக்கும். வீரம்மா அக்கா சுவரைத் தட்டித் திட்டுவார். அதற்குப் பிறகுதான் டிவியில் படம் வரும். அவர் கொடுத்துவைத்த புண்ணியம், பங்களாவிலிருந்து வந்த கேசட்டுகளில் மாளிகைத் திருடனும் இருந்தான்.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அச்சு அசல் அதேதான் என்று குதித்தார். கொஞ்ச நேரத்தில் குறை சொல்ல ஆரம்பித்தார். கடைப் பெட்டியில் திரை உயரமாம், டிவியோ அகலம். அதனால் மாளிகையை மேலேயும் கீழேயும் நறுக்கியிருக்கிறார்கள். காவல்காரர்கள் காலடிச் சத்தம் அங்கே இதயத்தில் இடிக்குமாம், இங்கே டிக் டிக் என்று பல்லி கத்துகிறது. திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ரெண்டு நிறம் சேர்த்துப் போட இந்த மிஷினுக்கு வக்கு கிடையாது. அதனால் சிவப்புத் தொப்பி பக்கத்தில் வந்தாலே வெள்ளைத் திருடனும் சிவப்பாகிவிடுவான், பிடிபடுவதற்கு முன்னாலேயே. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அவர் மெச்சினார். இத்தனை சின்ன மிஷினுக்குள் இவ்வளவு கொண்டுவந்ததே பெரிய விஷயமாம். மூலைக்குப் போகிறவரைக்கும்தான் அந்த மெச்சல். திருடனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். சிவப்புத் தொப்பி வந்தான், தாண்டிப் போனான். பார்த்தாயா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த சுற்றில் அவன் வந்தான், நின்றான், மூலைக்குள் திரும்பினான். திருடன் சிவப்பானான். ஆட்டம் முடிந்தது.

வாரக்கணக்காக அதோடு மல்லுக்கட்டினார். சில தடவை தாண்டிப் போகும், சில தடவை திரும்பும். கடைசியில் அவரே எனக்கு விளக்கினார். அதை மட்டும் அவர் குரலிலேயே சொல்கிறேன்.

"இத எழுதுனவன் கடைப் பெட்டியத் தொறந்து பார்க்கல சசி. காசப் போட்டு ஆடிப் பார்த்து, வெளிய தெரிஞ்சத வச்சு எழுதியிருக்கான். உருவம் அதேதான், நடை அதேதான். உள்ள இருக்கற மூளை வேற."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனுஷன்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மழை விட்ட பிறகு யானை திரும்பி வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பஸ் ஸ்டாப்பில் நின்ற லிஜி என்கிற காலேஜ் பெண் செல்ஃபி வீடியோ ஒன்று எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். முன்னால் அவள் பல்லைக் காட்டுகிறாள், பின்னால் தேயிலைக்குள் ஒற்றைக் கொம்போடு யானை போகிறது. விட்ட இடத்திலிருந்து யானைகள் திரும்பி வருவதுண்டு, அதனால் லயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃபாரஸ்ட் வாட்சர் பாண்டியன் மட்டும் வேலை மெனக்கெட்டு எங்கள் வீடு வரைக்கும் வந்தான்.

"அண்ணே, இது அது இல்ல. இதுக்கு வலது கொம்பு. எல்லாரையும் அந்த மூலையில நிக்கவேணாம்னு நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

இவர் சிரித்தார். செல்ஃபி கேமரா இடதை வலதாகக் காட்டும், தினமும் இதைத்தானே கையில் வைத்துப் பிரிக்கிறேன் என்றார். நேரில் பார்த்தேன் என்றான் பாண்டியன். மூடுபனியில் எதைப் பார்த்தாயோ என்றார் இவர். டீயைக்கூடக் குடிக்காமல் அவன் போய்விட்டான்.

அந்த வாரத்திலேயே யானை லயத்துக்கு வந்தது. இவர் மூலையில் நின்றார். தாண்டிப் போனது. மறுபடி ஒருநாள் வந்தது, வீரம்மா அக்கா நின்றார். தாண்டிப் போனது. பழையதேதான் என்று லயமே முடிவு கட்டிவிட்டது. எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சில தடவை தாண்டிப் போகும் என்பது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. உங்கள் கேசட்டிலும் முதல் சுற்றில் அப்படித்தானே போனான் என்று அவரிடம் கேட்டேன். விளையாட்டையும் யானையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று எனக்கே புத்தி சொன்னார். அதை ஆரம்பித்ததே இவர்! நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் பனி இறங்கி, எதிர்வரிசைக் காம்பராகூடத் தெரியவில்லை. யானை சதுப்பில் நிற்கிறது என்று பாண்டியன் குரூப்பில் செய்தி போட்டிருந்தான். இவர் கடையைப் பூட்டி ஜீப்பில் ஏறிவிட்டதாகப் போன் செய்திருந்தார். ரோட்டில் இறங்கினால் பிள்ளைக்காம்பரா வழியாகத்தான் நடந்து வரவேண்டும். உலை வைத்துவிட்டு, கை சும்மா இருக்கமாட்டாமல் லிஜியின் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அவள் தலைக்குப் பின்னால் இருந்த பஸ் ஸ்டாப் போர்டு கண்ணில் பட்டது. சேரங்கோடு என்று எழுதியிருந்தது. நேராக, படிக்கிற மாதிரி எழுதியிருந்தது.

படம் இடம் வலம் மாறியிருந்தால் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித்தானே இருக்கவேண்டும்? கொம்பு நிஜமாகவே வலது பக்கம்தான். பாண்டியன் சொன்னது சரி. இது அந்த யானை இல்லை.

ரெண்டு தடவை தப்பான நம்பரை அழுத்தினேன். அப்புறம்தான் கிடைத்தார். குசுகுசுவென்று பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"மூலையில நிக்கிறேன். அது ஏறி வருது. போனை வை."

"அங்க நிக்காதீங்க. போர்டுல எழுத்து நேரா இருக்குங்க. கொம்பு வலது பக்கந்தான். வெளிய வாங்க."

மூச்சு மட்டும் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. வீரம்மா அக்கா கதவைத் திறந்து, தாண்டிப் போய்விடும், சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். போனுக்குள் சதக் சதக்கென்று சேற்றில் கால் வைக்கிற சத்தம். பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில் வந்தது. தொட்டியைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இனிமேல் சத்தம் குறையவேண்டும். எங்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் குறைகிற இடம் தெரியும்.

சத்தம் நின்றது.

எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். இவருக்கு எதுவும் ஆகக்கூடாது, இனிமேல் இவரை ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று வேண்டினேன். அவர் பேசினார். பயந்த குரலாக இல்லை. போனைப் பிரித்து எங்கே கோளாறு என்று கண்டுபிடித்ததும் பேசுவாரே, அதே குரல்.

"சசி, இது கேசட்டு."

ஓடுங்க, ஓடுங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். லயமே வெளியே வந்துவிட்டது. நான் கத்தியதில் என்ன பிரயோசனம்? ரெண்டு பக்கம் சுவர், ஒரு பக்கம் தொட்டி. அங்கிருந்து வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது.