மாடிவீட்டு ஓட்டு

தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பிரம்மநாயகம் அண்ணாச்சி மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவர்களில் தங்கமயிலும் ஒருத்தி. ஜீன்ஸ் தைக்கும் இடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தினமும் வந்துகொண்டிருந்தாள்.

'எல்லாருக்கும் வீடு' என்று நோட்டீசில் இருந்த வரிதான் அவளை இழுத்தது. அவள் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டின் தலைமேல் தகரத்தையும் பலகையையும் வைத்து எழுப்பிய ஒற்றை அறை. சந்திலிருந்து இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும்போது கீழே இருப்பவர்களுக்கு இங்கேயே வீடு, மாடிக்காரர்கள் எங்கேயோ தூரத்துக்குப் போகவேண்டியதுதான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது.

அன்று மத்தியானம் மகள் மானசா போனை நீட்டினாள். காலையிலிருந்து எல்லார் போனிலும் சுற்றும் வீடியோ. மூன்று வருடத்துக்கு முந்தைய கூட்டம். மைக்கில் அண்ணாச்சி. "மாடியில இருக்கவன்லாம் நேத்து வந்தவன். அவனுக்கு என்னத்துக்கு வீடு? கீழ உள்ளவனுக்குக் கெடச்சாப் போதும்." கைதட்டல் பலமாகக் கேட்டது.

தங்கமயில் நான்கு தடவை பார்த்தாள். அந்த அறைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. இந்த மனுசன் ஏன் இப்படிப் பேசினார் என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. நேரே கடைக்குப் போனாள்.

உள்ளே, அண்ணாச்சிக்காகப் போனில் பிரசாரம் பார்க்கும் ஷ்ரவண் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். "சிம்பிள் அங்கிள். அது ஏஐ-ல பண்ண பொய்னு ஒரு வீடியோ போட்டுரலாம். கோன் செக் கரேகா? யாரு செக் பண்ணப் போறா?"

"அண்ணாச்சி, அது நீங்க பேசுனதுதானா?" என்றாள் தங்கமயில்.

"நாந்தான்."

"ஏன் அப்படிப் பேசுனிய?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. அவர் தராசைத் தள்ளி வைத்தார். "கீழ்வீட்டுக்காரங்க கூட்டம். மொதல்ல வேற என்னமோ பேசிக்கிட்டு இருந்தேன், ஒருத்தனும் காது குடுக்கல. இதச் சொன்னதும் கை தட்டுனாவ. அதான்."

"மனசுல இருந்ததா?"

"அப்ப ஆமா. மாடியில யாரு எப்படி இருக்காவன்னு நான் எங்க பாத்தேன்?"

"இப்பவும் நீங்க கீழ நின்னுதான கும்புடுதிய. ஏறிப்போயி நோட்டீஸ் குடுக்கது நாங்க."

ஷ்ரவண் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "எந்த ஏணின்னு காட்டு."

கனத்த உடம்பு. கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க ஏறினார். முதல் கதவு முகத்தில் அறைந்தாற்போல் மூடியது. அடுத்த அறையில் தோல்பை தைக்கும் பேச்சிராஜா, "உள்ள வந்து இருங்க அண்ணாச்சி. எட்டுப் பேரு எப்படிப் படுக்கோம்னு பாத்துட்டுப் போங்க" என்றான். தகரம் தலையில் இடிக்க அவர் உட்கார்ந்திருந்தார். போன இடமெல்லாம் ஒரே பேச்சு: "அது நான் பேசுனதுதான். தப்பாப் பேசிட்டேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். ஓட்டுப் போடுகிறேன் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. தங்கமயில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கூடவே நடந்தாள்.

இடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. தங்கமயிலின் கீழ்வீட்டுக்காரர் இசக்கிதுரை முதல் நாளிலிருந்து அண்ணாச்சியோடு இருந்தவர். கடைக்கு வந்து, தன் வீட்டில் கட்டியிருந்த பிரசாரக் கொடியை மேசைமேல் வைத்தார்.

"அந்த வீடியோவப் பாத்து நாங்க சந்தோசந்தான் பட்டோம். நம்ம பக்கம் பேச ஒரு ஆளு இருக்காருன்னு. நீங்க ஏறி ஏறி மன்னிப்புக் கேக்கிய."

சாயங்காலத்துக்குள் இருபது கீழ்வீடுகளில் கொடி இறங்கிவிட்டது. ஓட்டைக் கெடுக்கும் என்று பயந்த பேச்சே இத்தனை ஓட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்?

"நெசத்தச் சொன்னதுல தோத்துருவேனோ?" என்றார் அண்ணாச்சி.

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. பாப்போம்."

அவர் எழுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். மாடியே இல்லாத ரோட்டோரத்து வீடுகளில், விழும் என்று நம்பியதில் பாதிகூட விழவில்லை. மாடிகள் நிறைந்த உள்சந்துகளில், கேட்டபோது வாய் திறக்காதவர்கள் அள்ளிப் போட்டிருந்தார்கள். மாலையோடு நின்றவர் முகத்தில் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது. ஆரம்பத்தில் கூட இருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை.

தங்கமயிலுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் இசக்கிதுரையைக் கண்டாள்.

"மாமா, நீங்க யாருக்குப் போட்டிய?"

"அதெல்லாம் கேக்கலாமா?" என்றவர், குடம் நிறையும்வரை நின்றார். பிறகு தானாகவே சொன்னார். "நான் போடவே போகல. ஒங்க அத்தை போயி அவருக்குத்தான் குத்திட்டு வந்திருக்கா. அவ தங்கச்சி விக்ரோலியில மாடியிலதான இருக்கா. அது என் புத்தியில ஏறவே இல்ல, பாத்துக்கோ."