செவ்வாய்க்கிழமை அறை

உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. உப்பைக் குறை, உடம்பை வளை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளுக்கே ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னால்? மானம் கப்பலேறாதா? எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் வேறு அவளிடம் தொப்பை குறைக்க வருகிறவர். அவரிடமா சீட்டை நீட்டுவது?

வீட்டில் அப்பாவுக்கும் அதே மாத்திரை, அதே அளவு. கிழமைக்கு ஓர் அறை உள்ள டப்பாவில் போட்டு வைத்திருப்பார். வேறு கடையில் வாங்கித் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் அன்றைய அறையிலிருந்து எடுத்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அறை காலியாக இருந்தால் அட்டையிலிருந்து வேறு எடுத்துக்கொள்வார் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

எடுக்கவில்லை மனுஷர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மாத்திரையைக் கைக்குள் மூடியபோது அப்பா சமையலறைக்குள் வந்து, பள்ளிக்கூட வேன் சாவியை மேஜையில் வைத்தார்.

“இத உங்க சித்தப்பாகிட்ட குடுத்துடும்மா. இனிமே அவன் ஓட்டட்டும்.”

எந்தக் குழந்தை எந்த வாசலில் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்!

“ஏம்ப்பா, என்னாச்சு?”

“மாத்திரை போட்டதுகூட ஞாபகம் இருக்க மாட்டேங்குது. டப்பா காலியா இருக்கு, சரி போட்டுட்டோம்னு விட்டுடறேன். அப்புறம் தலை கிர்ருங்குது. நாளைக்கு ஒரு பிள்ளைய வண்டிக்குள்ளயே மறந்து பூட்டிட்டேன்னா?”

அடிப்பாவி, பெற்றவரைப் பைத்தியமாக்கி வைத்திருக்கிறாயே என்று மனசு காறித் துப்பியது. கையை விரித்துக் காட்டினாள்.

“உங்களுக்கு மறதி இல்லப்பா. நான்தான் எடுத்தேன். எனக்கும் பிபி. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?” துள்ளிக் குதிக்காத குறைதான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். அதற்கப்புறம்தான் மற்றது காதில் ஏறியது போலும். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் புதன்கிழமை அறையைத் திறந்து ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீயும் போட்டுக்க. என்கிட்டேருந்துதானே உனக்கு வந்துச்சு. மன்னிச்சுக்கம்மா.”