ஸாலிஹ் ஹாஜியாரின் இடது கை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஸீனத்துக்குச் சந்தேகம் பிறவிக் குணம். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், கேட்காமலே ஏன் காட்டுகிறான் என்று யோசிப்பாள். பக்கத்து வீட்டார் கஞ்சி கொடுத்தனுப்பினால், கிண்ணத்தைத் திருப்பி வாங்குகிற சாட்டில் எதை நோட்டம் பார்க்க வரப்போகிறார்கள் என்று யோசிப்பாள். கலியாணமான நாள் தொட்டு அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் கணவர் ஸாலிஹ் ஹாஜியார்தான். அந்த மனிதர் எதற்கும் "ஓ" சொல்பவர். உப்புக் கூடின கறிக்கும் ஓ, அவளுடைய நாநா, கூடப்பிறந்த அண்ணன், கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓ. புடவைக்கடை நடத்திய காலத்தில் வாடிக்கைக்காரரிடம்கூட இல்லை என்று சொன்னதில்லை, நாளைக்கு வரும் என்றுதான் சொல்வார். இப்படிப்பட்டவரிடம் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று அவள் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

அந்த நிம்மதி ஸ்ட்ரோக் வந்ததோடு போயிற்று.

அல்லாஹ்வின் கிருபையால் நடை தப்பியது. பேச்சும் கொஞ்சம் இழுத்து இழுத்தாவது வந்துவிட்டது. இடது கைதான் சொற்கேட்கவில்லை. அதில் பலம் இல்லாமல் போயிருந்தால் ஊர் உலகத்தில் நடப்பதுதானே என்று விட்டிருக்கலாம். பலம் எக்கச்சக்கமாக இருந்தது, ஆனால் அது தன்பாட்டுக்கு நடந்தது. வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வர, இடது கை பின்னாலேயே கழற்றிக்கொண்டு வந்தது. வலது கை பிரிட்ஜைத் திறந்தால் இடது கை அறைந்து சாத்தியது. எதையாவது பிடித்துக்கொண்டால் விடாது. ஹாஜியார் அதை யாரோ அந்நிய மனிதனைப் போலத் திட்டுவார். "சும்மா ஈ, ஹராங்குட்டி!" என்று அடங்கி இருக்கச் சொல்லி, வலது கையால் ஓர் அடி போட்டு விடுவித்துக்கொள்வார். முதலில் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஸீனத் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வாய் ஓ என்கிறது, கை வேண்டாம் என்கிறது. இதில் எது அவர்?

பம்பலப்பிட்டியில் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கூட்டிப்போனபோது அவள் அதைத்தான் கேட்டாள். மகள் ஷிம்னாவும் கூடப் போயிருந்தாள். டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், அவசரமில்லாமல் கதைத்தார்.

"மூளையின்ர வலது பக்கம் இடது கையை ஆட்டுது, இடது பக்கம் வலது கையை ஆட்டுது. கதைக்கிற வேலையில பெரும் பங்கு இடது பக்கத்தில இருக்கு. ரெண்டுக்கும் நடுவில ஒரு பாலம். இவருக்கு அடிபட்டது அந்தப் பாலத்திலதான். ஹாஜியார் புடவைக்கடை வைச்சிருந்தவர் எண்டீங்கள் தானே? ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மற்றக் கை கத்தரிக்கும். பிடிக்கிற கைக்கு வெட்டுற கையின்ர சேதி போகாட்டி என்ன நடக்கும்? அதுதான் இப்ப நடக்குது."

"அப்ப அவர்ட மனசு எந்தப் பக்கம் டொக்டர்?" என்று ஸீனத் கேட்டாள்.

டொக்டர் சிரித்துவிட்டார். "ஒரு பக்கம் கணக்கு, மற்றப் பக்கம் மனசு எண்டு போனில வாறதெல்லாம் நம்பாதேங்கோ. கணக்குப் பாக்கிறதுக்கும் பாட்டுக் கேக்கிறதுக்கும் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்யுது. ரெண்டும் சேர்ந்ததுதான் இவர். அந்தக் கை உண்மை சொல்லுது, வாய் பொய் சொல்லுது எண்டு சாத்திரம் பார்க்க வேண்டாம். உள்ளங்கையில என்ன பட்டாலும் அது பிடிச்சுக்கொள்ளும், அவ்வளவுதான். பழக்கப் பழக்கக் குறையும்."

"என்ன பட்டாலுமா டொக்டர்?" என்று ஷிம்னா கேட்டாள்.

"என்ன பட்டாலும் பிள்ளை."

ஸீனத்துக்கு இந்த விளக்கம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. இத்தனை வருடமாக அமுக்கி வைத்த 'இல்லை' எல்லாம் அந்தக் கை வழியாக வெளியே வருகிறது என்றே அவளுக்குப் பட்டது. அவள் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்து வைத்த வட்டிலப்பத்தை அது ஒரு நாள் தள்ளிவிட்டது. வருடக்கணக்காக நல்லம் நல்லம் என்று தின்றதெல்லாம் நடிப்பா?

இந்த நேரத்தில்தான் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த நாநாவின் மகன் ஸியாம். குடி, சிகரெட் இல்லாத பிள்ளை, உத்தியோகமும் நல்லது. நாநாவும் அவருடைய மனைவி அஸீஸாவும் ஆசையாகக் கேட்டார்கள். ஹாஜியார் கேட்ட உடனே ஓ சொன்னார். ஷிம்னா முதலில் வேண்டாம் என்றாள்தான். எந்தப் பெண்பிள்ளை முதல் பேச்சிலேயே சரி என்று சொல்கிறது? "வெக்கத்தில சொல்லுறாள்" என்று ஸீனத் போனில் அஸீஸாவிடம் சொல்லிச் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாள் குறிக்க அவர்கள் வந்த அன்று ஸியாம் ஸலாம் சொல்லிக் கையை நீட்டினான். ஹாஜியாரின் வலது கை அரைவாசி தூரம் போய் நின்றுவிட்டது. இடது கை வலது சட்டைக்கையின் நுனியை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும், "வாங்க மகன், வாங்க" என்றது. ஷிம்னா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஸியாம் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவினான். ஹாஜியார் கையைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை, சிரித்த முகமாகவே இருந்தார். நாநா, ஸ்ட்ரோக் வருத்தம்தானே என்று சமாளித்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று ஸீனத்தே பேச்சை ஒத்திப்போட்டாள்.

இரண்டாம் முறை வந்தபோதும் அதே கதைதான். இந்த முறை அஸீஸா சும்மா விடவில்லை.

"காவின் எழுதுற கலியாணச் சபையில பொம்புளைட வாப்பா தானே மாப்புளைட கையப் புடிச்சிக் குடுக்கணும்? ஊர் மனுசர் எல்லாம் பாத்துக்கொண்டு ஈக்க, கை இப்பிடி இழுத்துக்கொண்டா எங்கட மானம் என்ன ஆவுற?"

அன்றும் ஸீனத் நாளை ஒத்திப்போட்டாள். அதிலிருந்து கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கணவரைக் கவனித்தாள். மனிதர் நடிக்கிறாரோ என்று கதவிடுக்கால் பார்த்தாள். அவர் தனியாக இருந்து பொத்தான் போடப் போராடி, கடைசியில் கண் கலங்கிப் போய் சட்டையைக் கழற்றி வீசியதைப் பார்த்தாள். அது நடிப்பில்லை. அதைப் பார்த்ததற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தேகம் தீரவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டேவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, இந்தக் கலியாணத்துல உங்களுக்கு விருப்பம் தானே?"

"ஓ."

"மெய்யாவா?"

"ஓ, ஓ."

இந்த ஓவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? அஸர் தொழுத பிறகு, பேச்சு வந்த காலத்தில் அஸீஸா கொடுத்திருந்த ஸியாமின் படத்தை எடுத்துவந்து அந்த இடது உள்ளங்கையில் வைத்தாள். வாயைக் கேட்டுப் பயனில்லை, கையையே கேட்போம் என்பதுதான் அவள் நினைப்பு. கை படத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. அவள் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கியது. ஆளைக் கண்டால் தடுக்கிற கை, படத்தை விடமாட்டேன் என்கிறதே! ஸீனத் திகைத்துப்போனாள். குசினிக்குப் போய் ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். அதையும் அப்படியே பிடித்தது. அகப்பையை வைத்தாள், அதையும் விடவில்லை.

"என்ன செய்யிய?" என்று கேட்டார் ஹாஜியார்.

"டொக்டர் சொன்ன பயிற்சி."

"ஓ."

ஸியாமும் கத்தரிக்காயும் அந்தக் கைக்கு ஒன்றுதான். டொக்டர் சொன்னது சரி, அது உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வட்டிலப்பத்தை நினைத்து அவளுக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. ஆனால் ஸீனத்தின் மூளைக்கு, அது எந்தப் பக்கத்து மூளையோ, நிம்மதி ஆகாது. உள்ளங்கையில் பட்டதைத்தான் பிடிக்கும் என்றால், ஸியாம் வருகிற நேரம் பார்த்து வலது சட்டைக்கை எப்படி அந்த உள்ளங்கைக்குள் போனது? மற்ற நாட்களில் உட்கார்ந்திருக்கிற கதிரையின் கையையோ உடுத்திய சாரத்தையோதானே பிடித்துக்கொண்டிருக்கிறது?

நாநா மறுபடி வந்தார். இந்த முறை அவரே ஒரு வழி சொன்னார். மச்சானும் ஸியாமும் இப்போதே ஒருமுறை கையைப் பிடித்துப் பழகட்டும், சரிவந்தால் இன்றைக்கே நாளைக் குறிப்போம் என்றார். ஸீனத் தேத்தண்ணித் தட்டத்தோடு திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இந்த முறை அவள் கையைப் பார்க்கவில்லை, கைக்குப் பக்கத்தில் உள்ளவர்களைப் பார்த்தாள்.

ஷிம்னா வாப்பாவின் இடது பக்கத்தில் வந்து இருந்தாள். எப்போதும் அங்கேதான் இருக்கிறாள் என்பது ஸீனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் வாப்பாவின் கொலரைச் சரிசெய்தாள். இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தாள். சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுகிறவளைப் போல, வலது சட்டைக்கையின் நுனியை இடது உள்ளங்கைக்குள் மெதுவாகச் செருகினாள். கை மூடிக்கொண்டது. ஸியாம் எழுந்து வந்து கையை நீட்டினான்.

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவள், தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டாளே! "ஷிம்னா, இஞ்ச வாங்க" என்று கூப்பிட்டு, குசினிக் கதவைச் சாத்தினாள்.

"வெக்கமில்லயா உங்களுக்கு? வருத்தக்கார வாப்பாட கைய வெச்சி வெளையாடுறீங்களா? எத்தின நாளா இந்த வேலை?"

ஷிம்னா மறைக்கவில்லை. "முதல் நாளிலேந்தே தான்."

"ஸியாமுக்கு என்ன கொற?"

"ஒண்டுமில்ல. நல்லவர் தான். எனக்கு வேணாம்."

"வேணாண்டா வாயத் தொறந்து சொல்லியக்கு என்ன?"

ஷிம்னா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சொன்னேனே உம்மா. வெக்கத்தில சொல்லுறாள்டு மாமிக்குப் போன்ல சொல்லிச் சிரிச்சீங்க. நான் ரூமுக்குள்ள கேட்டுக்கொண்டு ஈந்தேன். நான் சொன்னதுக்கு ஒரு நாள்கூட நிக்கல்ல நீங்க. வாப்பாட கை சொன்னதும் ரெண்டு தரம் பேச்ச நிப்பாட்டினீங்க. அதுக்கு முந்தியே டொக்டர்கிட்ட பைத்துக் கேட்டீங்க, ராத்திரி பகலாக் கைய பாத்துக்கொண்டு ஈந்தீங்க. இந்த ஊட்டுல நீங்க நம்பின ஒரே 'வேணாம்' அதுதான். அதால அத எடுத்தேன்."

மூளையில் அடிபட்ட ஒரு கைக்கு மனசு இருக்கிறதா என்று தேடித் திரிந்த ஸீனத், முழு மனசோடு பக்கத்தில் நின்ற பிள்ளையை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல. தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு, அவர்கள் இருந்த முன்சாலைக்குப் போனாள்.

"நாநா, இது சரிவராது. கோவிக்க வேணாம்."

நாநா ஹாஜியாரைப் பார்த்தார். "யாரு சொல்லிய, மச்சானா?"

"அவரில்ல. ஷிம்னா. முந்தியே சொன்னா, நான்தான் கேக்கல்ல. எண்ட குத்தம் தான்."

அஸீஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். நாநாவும் எழுந்தார். ஸியாம் மட்டும் வாசலில் நின்று, "எனக்கிட்டயாவது சொல்லி ஈக்கலாமே மாமி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அந்தப் பிள்ளையையும்தான் யார் கேட்டது?

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. ஷிம்னா வந்து வாப்பாவின் முன்னால் குந்தி, சட்டைக்கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "மன்னிச்சிக்கோங்க வாப்பா, உங்களுக்குத் தெரியாமச் செஞ்சேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஹாஜியார் இழுத்து இழுத்து. "மகள் வெச்ச நேரமெல்லாம்... பாத்துக்கொண்டு தான் ஈந்தேன்."

ஸீனத் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த மனிதர் அந்த மூன்று நாளும் கையை ஏன் திட்டவில்லை, ஏன் ஓர் அடி போட்டு விடுவித்துக்கொள்ளவில்லை என்பது இப்போது விளங்கியது. மகள் கடன்வாங்கிய 'வேண்டாம்' என்ற சொல்லை அவரும் அவளோடு பங்குபோட்டிருக்கிறார்.

"நான் கேட்டேனே, விருப்பமாண்டு! ஓ என்டு சொன்னீங்களே?"

"ஓ" என்றார் ஹாஜியார்.

ஷிம்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய விரல் ஒன்று வாப்பாவின் இடது உள்ளங்கைக்குள் அகப்பட்டிருந்தது. கத்தரிக்காயையும் அது இப்படித்தான் பிடித்தது என்று ஸீனத்துக்குத் தெரியும். தெரிந்தும் விடுவிக்கப் போகவில்லை. மறுபக்கத்தில் வந்து இருந்து, வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒண்டு கேக்கிறேன், ஓ சொல்லாம மெய்யச் சொல்லணும்" என்றாள். "எண்ட வட்டிலப்பம் எப்பிடி?"

ஹாஜியார் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிப்புத்தான் கொஞ்சம் கூட" என்றார்.