ஷட்டர் சாவி

கல்யாணமான நாளிலிருந்து எது வரக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தாளோ, அதற்காகவே ஷாகிதா இப்போது ஒரு பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் புருஷன் ஜுல்ஃபிகருக்கு வலிப்பு வர வேண்டும். வந்தால்தான் அது மூளையில் எங்கே கிளம்புகிறது என்று தெரியும்; தெரிந்தால்தான் அந்த இடத்தை வெட்டி எடுத்துக் குணமாக்க முடியும். அதற்காக மாத்திரைகளையும் நிறுத்தியிருந்தார்கள்.

மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேல் மெல்லிய தாள் ஒன்றை விரித்திருந்தார்கள். தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக உலோகப் புள்ளிகள். மூளையின் மேடு பள்ளத்துக்கு வளைந்து ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் திவ்யா சொன்னார். அதன் ஒயர்கள் தலைக்கட்டுக்குள்ளிருந்து சடைபோல இறங்கி, மூளையின் அலைகளைத் திரையில் கோடுகளாகக் காட்டும் ஒரு பெட்டிக்குப் போயின.

பூந்தமல்லியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜுல்ஃபிகர், ஆபரேஷனுக்கு முன்பே அந்தத் தாளின் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா டாக்டர், டிஸ்ப்ளேக்குப் போற ஸ்ட்ரிப் மாதிரியே கீது. மடக்குனா தாங்கும், இழுத்தா பூடும். வாரண்டி உண்டா?"

"இழுக்காம இருந்தா உண்டு," என்றார் டாக்டர். பிறகு ஷாகிதாவிடம், "வலிப்பு வந்ததும் பட்டனை அழுத்துங்க. பேரைக் கேளுங்க, கையைத் தூக்கச் சொல்லுங்க. அவரை அழுத்திப் பிடிக்காதீங்க" என்றார். மாமியார் ஜுபைதாவும் தலையாட்டினாள்.

சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜுபைதாவுக்கு அது பேசவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சின்ன வயதில் முதல் வலிப்பு வந்தபோது கையில் இரும்பைக் கொடுத்தார்கள், பையன் எழுந்து உட்கார்ந்தான். அதிலிருந்து ஏதாவது ஓர் இரும்பு எப்போதும் அவள் பையில் இருக்கும்; இப்போது இருந்தது கடையின் ஷட்டர் சாவிக்கொத்து.

"நீ இன்னா துஆ கேக்குற?" என்றாள் மருமகளிடம்.

"வரணும்னு, மாமி."

"நான் வரக்கூடாதுன்னு கேட்டுகினு கீறேன்."

"ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவு பண்ணுங்க," என்றான் கட்டிலில் கிடந்தவன். "அல்லாஹ்வே கொழம்பிடப் போறான்."

நாட்கள் போயின. வலிப்பு வரவில்லை. தாளை ரொம்ப நாள் உள்ளே விட்டுவைக்க முடியாது, சீழ் பிடித்துவிடும் என்றார் டாக்டர்.

ஒரு நாள் காலையில் ஜுல்ஃபிகர் தன் காது மடலைத் திரும்பத் திரும்பக் கிள்ளினான். ஷாகிதா அதைக் கவனிக்கவில்லை. பெற்றவளுக்கு அது தெரிந்த அடையாளம். போர்வைக்கு அடியில் சாவிக்கொத்தை மகன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். அவன் புரண்டு படுத்தபோது கொத்தின் வளையம் ஒயர்ச் சடையில் மாட்டிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை.

"ஈயம் கருகற வாசனை வருது," என்றான் அவன்.

கடையிலும் வலிப்புக்கு முன் அவன் சொல்வது அதுதான். ஷாகிதா பட்டனை அழுத்தினாள். "உங்க பேரைச் சொல்லுங்க," என்றாள். அவன் கை வெட்டி இழுத்தது. போர்வை விலகியபோதுதான் முஷ்டியில் சாவியும், சாவியில் ஒயரும் தெரிந்தன. ஒவ்வோர் இழுப்பிலும் தலைக்கட்டு அசைந்தது. திரையில் ஓடிய கோடுகள் ஒவ்வொன்றாக நேராயின.

நர்ஸ் ஓடிவந்து விரல்களைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"தாள் நகர்ந்திருக்கு," என்றார் டாக்டர் திவ்யா, ஸ்கேனைப் பார்த்துவிட்டு. "எந்தப் புள்ளி எங்க இருந்துச்சுன்னு தெரியாம வெட்ட முடியாது. இன்னைக்கே எடுத்துடணும். காயம் ஆறட்டும், மறுபடி பார்க்கலாம்."

ஜுபைதா சாவியை முந்தானையில் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அதன் பிறகு அதை அவள் தொடவில்லை. வீட்டில் ஆணியில் தொங்கியது.

மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. தழும்பின் மேல் முடி வளரத் தொடங்கிய சமயம். ஷாகிதா டீ போட்டு எடுத்துக்கொண்டு போனபோது ஜுல்ஃபிகர் தலையணையில் முகம் புதைந்து கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்து டீயை மூடிவைத்தாள்.

தூக்கத்தில் வலிப்பு வந்து போய்விட்ட புருஷனுக்காக இத்தா இருந்து, அவள் வெளியே வராமல் அறையோடு கிடந்த ஒரு மத்தியானம், ஜுபைதா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் சாவிக்கொத்து.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நான் இத குடுக்காம இருந்திருந்தா, புள்ள இருந்திருப்பானா?"

ஷாகிதா தரையைப் பார்த்தாள்.

"இல்ல மாமி. எங்க கெளம்புதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பேச்சு வர்ற எடமாம். அத வெட்ட முடியாதுன்னுட்டாங்க."

"டாக்டரம்மாவா சொன்னாங்க?"

"ஆமா."

ஜுபைதா சாவிகளை வளையத்தில் ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"அப்போ, மறுபடி பாக்கலாம்னு அவன்கிட்ட எதுக்கு சொன்னாங்க?"

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"சரி வுடு," என்றாள் ஜுபைதா. "எனக்காகச் சொல்ற, தெரியுது." சாவிக்கொத்தை மருமகள் மடியில் வைத்தாள். "கடைக்குள்ள ஊரார் போனெல்லாம் கெடக்குது. ஊட்டாண்ட வந்து கேக்குறாங்க. இத்தா முடிஞ்சு நீ வெளிய போற அன்னைக்கு தொறந்து குடுத்துடு. என்னாண்ட இத திருப்பிக் குடுக்காத."

வளையம் ஒரு பக்கம் விரிந்திருந்தது. ஷாகிதா அதை விரல்களால் நெருக்கிப் பார்த்தாள். மூடவில்லை. சாவிகள் கழன்று விழாதபடி முழுக் கொத்தையும் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள்.